மூலை மடித்த வாக்குத்தத்தம்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் ஒரு மடையன். அடக்கத்துக்காகச் சொல்லவில்லை, சாட்சி இருக்கிறது. என் வீட்டம்மா ஜெயமணி ஒருத்தி போதும். போன வருஷம் புத்தாண்டு ஆராதனையில், ஆண்டவர் செய்யவேண்டிய ஒரு வேலையை அவர் கையிலிருந்து பிடுங்கி நானே செய்துவிட்டேன். எஸ்டேட் ஆபீஸில் துரைமாருக்கு வேலையைச் சுலபமாக்கிக் கொடுத்தே பழகியவன், பரலோகத்துக்கும் ஒரு கிராணி தேவைப்படும் என்று நினைத்துவிட்டேன். கிராணி என்றால் இங்கே கணக்குப்பிள்ளை, எழுத்தர், துரையின் கோபத்துக்கு முதல் விலாசம், எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தவன்.

இந்த மாதத்தோடு நான் கப்பலைவிட்டு இறங்கி முப்பது வருஷம் முடிகிறது. "அங்கே எப்படியிருக்கிறாய், நம் சபைப் பத்திரிகைக்கு எழுது" என்று நீங்களும் நாலு கடிதம் போட்டுவிட்டீர்கள். மழை, செம்பனைக் காடு, டுரியான் பழத்தின் நாற்றம், இவற்றை எழுதி நாலு பக்கம் நிரப்பிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஜெயமணி தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"டுரியான் நாத்தத்த அங்க யாரு கேட்டா? முப்பது வருஷத்துல ஒரே ஒரு உருப்படியான காரியம் நடந்திருக்கு. அத எழுதுங்க."

"எது?"

"ஞானம்மா காரியம். ஒண்ணும் மறைக்காம எழுதுங்க. இல்லேன்னா நான் எழுதிப் போடுவேன்."

அவள் எழுதினால் என் நிலைமை இன்னும் மோசமாகும். ஆகவே நானே எழுதுகிறேன்.

2

கோலசிலாங்கூரிலிருந்து உள்ளே பத்துக் கட்டை தூரத்தில் எங்கள் தோட்டம். கட்டை என்பது மைல். நான் வந்தபோது முழுக்க ரப்பர். இப்போது முழுக்கச் செம்பனை. மரம் மாறியது, துரைமார் நிறம் மாறியது, நான் உட்காரும் நாற்காலி மட்டும் மாறவில்லை. அதன் ஒரு கால் குட்டை. முப்பது வருஷமாகச் சற்றே சாய்ந்தபடிதான் உலகத்தைப் பார்க்கிறேன்.

நாங்கள் கிறிஸ்தவர்கள் பதினொரு குடும்பம். மற்ற எல்லாரும் மாரியம்மனுக்குத் தீ மிதிக்கிறவர்கள். சச்சரவு கிடையாது. அவர்கள் திருவிழாவுக்கு எங்கள் ஏணி போகும். எங்கள் கிறிஸ்மசுக்கு அவர்கள் கோயில் ஜமுக்காளம் வரும். எங்கள் ஆலயம் முன்பு ஆயாக்கொட்டகை. மரம் வெட்ட, அதாவது ரப்பர் பால் எடுக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போன இடம். இன்றைக்கும் பிரசங்க நேரத்தில் சுற்றிப் பார்த்தால், கட்டடத்துக்குப் பழைய வழக்கம் போகவில்லை என்று தெரியும். பாதிப் பேர் தூங்குவார்கள். போதகர் ஐயர் மாதம் ஒருமுறை மோட்டார் சைக்கிளில் வருவார். மற்ற ஞாயிறுகளில் வாசிப்பதும் மணி அடிப்பதும் நான்.

என்னுடைய அந்தஸ்தையும் சொல்லிவிட வேண்டும். இங்கே குடிமக்களுக்கு நீல அடையாளக் கார்டு. என்னைப்போல் வந்து ஒட்டிக்கொண்டவர்களுக்குச் சிவப்பு. சிவப்பை நீலமாக்க வேண்டுமானால் மலாய் மொழியில் பேசிக் காட்டவேண்டும். என் மகன் ராஜன் கேள்வி பதில்களை வரிசையாக எழுதிக் கொடுத்தான். ஞாயிறுபள்ளியில் சங்கீதம் ஒப்பித்த மாதிரி வரிசை பிசகாமல் உருப்போட்டுக்கொண்டு போனேன். அவன் எழுதியதில் முதல் கேள்வி, நாட்டின் முதல் பிரதமர் யார் என்பது. அதிகாரி நல்ல மனுஷர். நான் உதட்டுக்குள் ஒப்பித்துக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, "காலையில் என்ன சாப்பிட்டீர்கள்?" என்று அன்பாகத் தொடங்கினார். நான் எழுந்து நின்று முதல் பிரதமரின் பெயரைச் சொன்னேன்.

அவர் பேனாவை மெதுவாகக் கீழே வைத்தார். அடுத்தமுறை ஏதாவது லேசாகச் சாப்பிட்டுவிட்டு வரச் சொன்னார். கார்டு இன்னும் சிவப்பு.

அந்த ராஜன் இப்போது கோலாலம்பூரில் வேலை செய்கிறான். விடுமுறைக்கு வந்தால் சாப்பாட்டுக்கு முன் ஆங்கிலத்தில்தான் ஜெபம். "தமிழ்ல பண்ணக்கூடாதாடா?" என்றேன். "காட் அண்டர்ஸ்டாண்ட்ஸ்லா, டாடி" என்றான். உண்மைதான், கடவுளுக்குப் புரியும். அந்த மேசையில் புரியாமல் விழித்தது நான் ஒருவன்தான்.

3

புத்தாண்டில் வாக்குத்தத்த அட்டை எடுக்கும் வழக்கத்தை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் பத்திரிகையை அடுத்த வீட்டுக்காரரும் படிப்பார் என்பதால் சொல்கிறேன். சின்னச் சின்ன அட்டைகளில் வேத வசனங்களை எழுதி, தட்டில் கவிழ்த்து வைத்து, வெள்ளைத் துணி போட்டு மூடிக் கொண்டுவருவார்கள். குடும்பத்துக்கு ஒருவர் துணிக்கடியில் கையை விட்டு ஒன்றை எடுப்பார். வருஷம் முழுக்க அந்தக் குடும்பத்துக்கு ஆண்டவர் கொடுத்த வார்த்தை அதுதான்.

எங்கள் தோட்டத்து மண்டோர் முனியாண்டி, அதாவது வேலைக்காரர்களை மேய்க்கும் கங்காணி, இதைக் கேட்டுவிட்டு, "எங்க கோயில்ல பூக் கட்டிப் பாப்போம், ஒங்க கோயில்ல அட்டையா? எல்லா சாமிக்கும் பேச ஒரு தாள் வேண்டியிருக்கு பாருங்க கிராணி" என்றார். நான் அவருக்கு இரண்டு கிறிஸ்மஸ் முறுக்கு கொடுத்தேன்.

எங்களுக்கு அட்டைகள் ஊரிலிருந்து தபாலில் வரும். போன வருஷம் வரவில்லை. காரணம் நான். பொட்டலத்தின் மேல் சுருக்கமாகக் "கார்டுகள்" என்று எழுதினால் போதும் என்று அனுப்பியவருக்கு யோசனை சொல்லியிருந்தேன். துறைமுகத்திலிருந்து ஒரு படிவம் வந்தது: எத்தனை கட்டு, சொந்த உபயோகத்துக்கா, சூதாட்டத்துக்கா? அதற்குப் பதில் எழுதி, அந்தப் பதிலுக்கு ஒரு படிவம் வந்து, அதற்கும் பதில் எழுதுவதற்குள் டிசம்பர் முடிந்துவிட்டது.

வேறு வழியில்லாமல் ஆபீஸில் கழித்துப்போட்ட பழைய வருகை அட்டைகளை வெட்டி, பின்பக்கத்தில் என் கையாலேயே வசனங்களை எழுதினேன். பத்து அட்டை எழுதியதும், எந்த வசனம் யாருக்குப் பொருந்தும் என்று யோசிக்க ஆரம்பித்தேன். அங்கேதான் பிசாசு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தான். குட்டைக்கால் நாற்காலியை எனக்கு விட்டுவிட்டு, நல்லதை அவன் எடுத்துக்கொண்டான்.

ஞானம்மாவைப் பற்றிச் சொல்லவேண்டும். என் வயதுதான் இருக்கும், ஐம்பத்திரண்டு. இந்தத் தோட்டத்து லயத்திலேயே, வரிசை வீடுகளில் ஒன்றில், பிறந்தவர். புருஷன் இறந்தபிறகு எங்கள் ஆலயத்துக்கு வரத் தொடங்கினார். காலையில் ஆபீஸைக் கூட்டிப் பெருக்கி, துரைக்குக் கோப்பி கலந்து மேசையில் வைத்துவிட்டு, அப்புறம் செம்பனையடியில் உதிரிப்பழம் பொறுக்கப் போவார். மகள் மேரி ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை. மகன் பென்ஜமின், லயத்துக்கு பென்ஜி, சிங்கப்பூர்.

சிங்கப்பூர் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம். ஒருநாள் விடியற்காலை ஆள்கணக்கு எடுக்கும் பிரட்டுக்களத்துக்குக் குடித்துவிட்டு வந்தான். ஞானம்மா எல்லார் முன்பாகவும் அவன் கன்னத்தில் ஓர் அறை விட்டார். மறுநாள் பஸ் ஏறிவிட்டான். சிங்கப்பூரிலிருந்து இரண்டு கடிதம் வந்தது. அப்புறம் இரண்டு வருஷம் ஒன்றுமில்லை.

"இந்தக் கைதான் ஐயா" என்று ஆபீஸ் பெருக்கும்போது வலது கையைக் காட்டுவார். "இதாலதான் கூட்டுறேன், இதாலதான் ஜெபத்துக்குக் கும்புடுறேன். வெட்டிப் போடவும் முடியல."

அந்தப் பேச்சு என் காதைவிட்டுப் போகவில்லை. அதனால், போன பிள்ளைகள் தங்கள் மண்ணுக்கே திரும்பி வந்து சேருவார்கள் என்று ஒரு தாய்க்கு ஆறுதல் சொல்லும் வசனத்தை எழுதினேன். எழுதிவிட்டு, அந்த அட்டையின் மூலையை மடித்தேன்.

மூலை மடிப்பது என் தொழில் ரகசியம். துரைக்கு முன்னால் ஐம்பது தாள் கொண்ட கட்டை வைத்தால் அவர் கை எதன்மேல் முதலில் போகும் என்று சொல்ல முடியாது. அவசரமாகக் கையெழுத்தாக வேண்டிய தாளின் வலது மூலையைக் கொஞ்சம் மேலே மடித்துவிட்டால், விரல் தானாக அங்கே போகும். எத்தனையோ துரைமார் வந்துபோனார்கள். எல்லாருடைய விரலும் ஏமாந்திருக்கிறது. தலைமை ஆபீஸ் அவசரத் தாளுக்கும் என் லீவு மனுவுக்கும் ஒரே மரியாதை கிடைத்தது இப்படித்தான்.

புத்தாண்டு காலை எட்டு மணி ஆராதனை. தட்டைப் பிடித்தவன் நான். ஞானம்மாவின் முறை வந்ததும் தட்டைக் கொஞ்சம் சுழற்றி, கொஞ்சம் சாய்த்து, மடித்த மூலையை அவர் விரலுக்கு நேரே கொண்டுபோனேன். அவர் கை துணிக்கடியில் ஒரு கணம் நின்றது. பிறகு அந்த அட்டையை எடுத்தார். ஐயர் வாங்கிச் சத்தமாக வாசித்தார்.

ஆலயத்தில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள்கூட விழித்துக்கொண்டார்கள்.

4

அவர் அழுவார் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. அட்டையை முந்தானையில் முடிந்துகொண்டு, வெளியே போய்க் குழாயில் முகம் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து, கடைசிப் பாட்டை எல்லாரையும்விட உரக்கப் பாடினார். சுருதி சேரவில்லை. ஐயர் அவருடைய சுருதிக்கு மாறிக்கொண்டார்.

அடுத்த நாளிலிருந்து எங்கள் தோட்டத்தில் ஓர் ஆள் மாறியது எல்லாருக்கும் தெரிந்தது. சனிக்கிழமைதோறும் பென்ஜியின் பழைய நீலச் சட்டையைத் துவைத்துக் கொடியில் போடுவார். "ஆளில்லாத சட்டைக்கு என்னாத்துக்கு சவுக்காரம்?" என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டதற்கு, "வர்றவன் அழுக்குச் சட்டையா போடுவான்?" என்றார். மூன்று வருஷமாகப் பேச்சில்லாதிருந்த அதே பக்கத்து வீட்டுக்காரியிடம்தான் இதைச் சொன்னார். சமைக்கும்போது ஒரு பிடி அரிசி கூடப் போடுவார். மத்தியானம் வரை ஆள் வராவிட்டால் அந்தச் சோறு யார் வழியில் போகிறார்களோ அவர்களுக்கு. நிறைய நாள் வழியில் போனவன் நான். என் பொய்யில் விளைந்த சோற்றை நானே உட்கார்ந்து தின்றேன். கருவாட்டுக் குழம்பு வேறு. மனச்சாட்சி உறுத்தியது உண்மை. இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டதும் உண்மை.

ஒரு விஷயம் எனக்குப் புரியவில்லை. நான் எத்தனையோ விண்ணப்பங்கள் போட்டவன். விண்ணப்பம் போட்டால் பதில் வரும்வரை எனக்குத் தூக்கம் கிடையாது. வந்தபின் சந்தோஷம், அதுவும் பதில் நல்லதாயிருந்தால். ஞானம்மாவோ விண்ணப்பத்தைக் கொடுத்த அன்றே சந்தோஷத்தை வாங்கிக்கொண்டார். கையில் ஒன்றும் வரவில்லை. ஆனால் தபால்காரர் சைக்கிள் அவர் வீட்டைத் தாண்டிப் போகும்போது, முன்பெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டவர், "நாளைக்கு வாங்க தம்பி" என்று சிரிப்பார்.

பிறந்த ஏழாம் நாளில் ஞானஸ்நானம் பெற்ற நான், அந்தச் சிரிப்பைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன்.

5

ஆகஸ்ட் மாதம் தலைமை ஆபீஸிலிருந்து ஓலை வந்தது. மேல் லயத்தை இடிக்கப் போகிறார்கள். அந்த இடத்தில் செம்பனை நாற்றுப் போடப்படும். மாதக் கடைசிக்குள் காலி செய்யவேண்டும். குடும்பத்தில் இரண்டு பேர் தோட்டத்தில் வேலை செய்தால் கீழ் லயத்தில் வீடு. ஒருவர் மட்டுமென்றால் சொந்த ஏற்பாடு. சாமான் ஏற்ற லோரி மட்டும் கொடுப்பார்கள். அந்த அறிவிப்பைத் தமிழில் எழுதியவன் நான். கிராணி என்பவன் தன் தலையில் விழும் கல்லுக்கும் ரசீது எழுதவேண்டியவன்.

மேல் லயத்தில் தனியாக இருந்த ஞானம்மாவுக்கு ஏற்பாடு இருந்தது. மேரி ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு ரவாங்கிலிருந்து ஓடிவந்தாள்.

"அங்கிள், நீங்க அம்மாகிட்ட பேசுங்கலா. நான் இருக்கிற வீட்டுல ஒரு ரூம் காலியாகுது. ஓனர் மாசக் கடைசி வரைக்கும்தான் எனக்காக வச்சிருப்பாரு. அப்புறம் வேற ஃபேக்டரி பிள்ளைங்களுக்குக் குடுத்துருவாரு. அம்மா வரமாட்டேங்குது."

"ஏனாம்?"

"அட்டையாம்! தம்பி இந்த வீட்டுக்குத்தான் வருவானாம். வரும்போது அது இல்லேன்னா எப்படின்னு கேக்குது. வீடே இருக்காதும்மான்னா, இடிக்கட்டும், அந்த எடத்துல உக்காந்திருப்பேங்குது. அலாமாக், நான் என்னதான் செய்ய?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் மேசையிலிருந்த தாள்களை அடுக்கினேன். ஒழுங்காக இருந்த தாள்களைத்தான்.

மண்டோர் முனியாண்டியும் வந்தார். "கிராணி, அந்தம்மா ஒங்க பேச்சத்தான் கேக்கும். ஒங்க சாமி அட்டையிலதான் பேசுவாருன்னா இன்னொரு அட்டைய எடுத்துக் குடுங்களேன். 'கெளம்பு'ன்னு எழுதி."

அவர் வேடிக்கைக்குச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டுக்குப் போய் ஜெயமணியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் மீனைக் கழுவிக்கொண்டிருந்தவள் கத்தியோடு நிமிர்ந்தாள்.

"ஆண்டவரோட ஃபைல்ல கை வச்சிட்டு, எட்டு மாசம் பேசாம இருந்தீங்களா?"

"நல்லதுக்குத்தான்..."

"நல்லதுக்குத்தான் அந்தப் பொம்பள தெருவுல நிக்கப் போகுது! போங்க. போய் உண்மையச் சொல்லுங்க. மூலைய மடிச்ச கையால முக்காட்டப் போட்டுக்கிட்டுப் போங்க."

நான் உடனே போகவில்லை. காரணம் வெறும் பயமல்ல. ஜெயமணிக்குக்கூட அதுவரை சொல்லாத ஒன்று இருந்தது.

நான் கப்பல் ஏறிய வருஷத்துக்கு அடுத்த புத்தாண்டில், ஊர்க்கோயிலில் என் அம்மா எடுத்த அட்டையும் இதே வசனம்தான். கடிதம் எழுதும்போதெல்லாம் கடைசி வரியில் அதைச் சேர்ப்பார். நானும் "அடுத்த வருஷம் வருகிறேன்" என்று எழுதுவேன். இங்கே ஒவ்வொரு வருஷத்துக்கும் ஓர் அடுத்த வருஷம் இருந்தது. பிறகு தந்தி வந்தது. சிவப்புக் கார்டுக்காரன் வெளியே போனால் திரும்பி உள்ளே நுழைய ஒரு தாள் வேண்டும். அந்தத் தாளில் ஒரு முத்திரை விட்டுப்போயிருந்தது. விட்டது நான்தான், அவசரத்தில் பக்கத்தைப் புரட்டாமல் கொடுத்துவிட்டேன். அடுத்தவர் தாளுக்கெல்லாம் மூலை மடித்தவன், என் தாளைத் திருப்பிப் பார்க்கவில்லை. அம்மாவின் அடக்கத்துக்கு உங்களில் சிலர் போயிருக்கிறீர்கள். நான் பதினாறு நாள் கழித்து வந்தேன். அலமாரிக் கதவின் உட்பக்கம் அந்த அட்டை சோற்றுப்பசையால் ஒட்டப்பட்டிருந்தது. ஓரத்தில் பென்சிலால் என் பெயர்.

ஆக, அந்த வசனம் ஒரு தாய்க்கு எப்படி முடிந்தது என்று தெரிந்தேதான் இன்னொரு தாய்க்கு எழுதினேன். ஏன் எழுதினேன் என்று கேட்டால், இந்தத் தடவையாவது அது பலிக்கட்டும் என்றுதான். ஆண்டவரிடம் கேட்டிருக்கலாம். கேட்பதைவிட மூலை மடிப்பது எனக்குக் கைவந்த கலை.

6

மாதக் கடைசிக்கு இரண்டு நாள் முன்பு, ஆபீஸ் விட்டதும் சைக்கிளை மிதித்தேன். வழியெல்லாம் பேச்சைத் தயாரித்துக்கொண்டு போனேன். குடியுரிமை நேர்முகம் போலவே, முதல் வரி மட்டும் நன்றாக உருவேறியிருந்தது.

ஞானம்மா வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"வாங்க ஐயா. பசியாறினீங்களா?"

"மணி நாலு, ஞானம்மா."

"பசி மணி பாத்தா வருது? உக்காருங்க, கோப்பி போடுறேன்."

உள்ளே பார்த்தேன். இரண்டு தகரப்பெட்டிகளும் கயிறு கட்டித் தயாராக நின்றன. பாயைச் சுருட்டி வைத்திருந்தார். நான் உருப்போட்ட முதல் வரி அதோடு போயிற்று.

"எங்க... எங்க போறீங்க?"

"ரவாங்குக்குத்தான். ஞாயித்துக்கெழம கோயில் முடிஞ்சதும் லோரி வரட்டும்னு மண்டோருகிட்ட சொல்லிட்டேன்."

"வரமாட்டேன்னு மேரிகிட்ட சொன்னீங்களே?"

"சொன்னேன். அது அழுதுகிட்டே பஸ் ஏறிச்சு. அன்னைக்கு முழுக்க எனக்கு ஜெபம் வரல ஐயா. ஒரு புள்ள வருதுன்னு இன்னொரு புள்ளைய அழ வச்சு அனுப்புனா, அது என்னா நம்பிக்க? வர்றவனக் காட்டுனவரு, இருக்கிறவள விட்டுருன்னு சொல்லலியே." கீரைத் தண்டை ஒடித்துப் போட்டார். "வர்றவனுக்கு வழி சொல்ல நாலு பேரு போதும். அதுக்குத்தான் ஒங்களத் தேடிக்கிட்டிருந்தேன். மேரி வீட்டு அட்ரச பத்துத் தாள்ல டைப் அடிச்சுக் குடுங்க. மலாய்லயும் போட்டு, கீழ தமிழ்ல 'பென்ஜி, அம்மா இங்க இருக்கேன்'னு கையால எழுதிருங்க."

"எங்கெங்க ஒட்டணும்?"

"பஸ் ஸ்டேசன் கோப்பிக் கடையில ஒண்ணு. மாரியம்மன் கோயில்ல ஒண்ணு, பூசாரி சரின்னுட்டாரு. மண்டோரு வீடு, ஒங்க வீடு. அப்புறம் கள்ளுக்கடை."

"கள்ளுக்கடையிலயுமா?"

"அங்கதான் மொதல்ல போவான். எம் புள்ளைய எனக்குத் தெரியாதா?"

நான் சிரித்தேன். அவரும் சிரித்தபடி உள்ளே போய்க் கோப்பி கொண்டுவந்தார். எனக்குள்ளே ஒரு மூட்டை இறங்கியது. ரவாங் அறை கைவிட்டுப் போகவில்லை, மேரி அழவேண்டாம், நான் ஒன்றும் சொல்லாமலே எல்லாம் சரியாகிவிட்டது. கோப்பியைக் குடித்துவிட்டு நல்ல பிள்ளையாக வீட்டுக்குப் போகலாம். ஜெயமணியிடம் "சொல்லிவிட்டேன்" என்று ஒரு பொய்யும் சொல்லிவிடலாம். பாதி டம்ளர் குடித்துவிட்டேன்.

அப்போது அவர் முந்தானை முடிச்சை அவிழ்த்தார். பிளாஸ்டிக் உறையில் அந்த அட்டை. எட்டு மாதத்தில் ஓரமெல்லாம் நைந்திருந்தது. மடித்த மூலையில் மட்டும் கோடு அப்படியே இருந்தது.

"இத அங்க கதவுக்கு உள்பக்கமா ஒட்டப்போறேன்" என்றார்.

கதவுக்கு உள்பக்கம். எனக்கு ஊரில் அம்மாவின் அலமாரி கண்முன் வந்தது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். வருகை அட்டையை வெட்டியது, வசனத்தைத் தேடி எடுத்தது, மூலையை மடித்தது, தட்டைச் சாய்த்தது. அம்மாவின் அட்டையையும், பதினாறு நாளையும் சொன்னேன். "அது ஆண்டவர் குடுத்தது இல்ல, ஞானம்மா. நான் குடுத்தது. என்னைய மன்னிச்சிருங்க. அத நம்பி இருக்காதீங்க" என்றேன். ஐம்பத்திரண்டு வயதில் ஒருவன் கீரைக்கட்டைப் பார்த்துக்கொண்டு மூக்கைச் சிந்துவது நல்ல காட்சியல்ல. மூக்கைத் துடைக்கக் கைக்குட்டையென்று நான் உருவியது, அவர் துரை மேசைக்காகத் துவைத்து என்னிடம் கொடுத்திருந்த துணி.

அவர் என்ன பதில் சொன்னார் என்று எழுதுவதற்கு முன், நீங்கள் கேட்கப் போவதைச் சொல்லிவிடுகிறேன். பென்ஜி வந்தானா? இதை எழுதும் நாள்வரை வரவில்லை. மேல் லயம் இருந்த இடத்தில் செம்பனை நாற்று முழங்கால் உயரம் நிற்கிறது. ஞானம்மா ரவாங்கில் இருக்கிறார். அங்கேயும் ஒரு பிடி அரிசி கூடப் போடுகிறாராம், ஷிஃப்ட் முடிந்துவரும் பெண்பிள்ளைகள் சாப்பிட்டுவிடுகிறார்களாம். நீலச் சட்டை அங்கேயும் கொடியில் காய்கிறது. போன மாதம் முனியாண்டி வந்து, கள்ளுக்கடைச் சுவரில் ஒட்டிய தாளைக் காணோம் என்றார். கிழிந்து விழவில்லை, யாரோ நாலு மூலையும் பெயர்த்து, முழுசாக எடுத்துப்போன மாதிரி இருக்கிறதாம். காற்றாக இருக்கும் என்றேன். "காத்து இவ்வளவு பதவிசாவா எடுக்கும் கிராணி?" என்றார். நான் இன்னொரு தாள் அடித்துக் கொடுத்தேன். இந்தப் புத்தாண்டுக்குத் தட்டைப் பிடிக்கும் வேலையை ஜெயமணி பார்த்தாள். என் முறை வந்தபோது, என் விரல்கள் பழக்கத்தில் மடித்த மூலையைத் தேடின. ஒன்றும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு அகப்பட்டதை எடுத்தேன். மூலை மடிக்காமல், என்ன வருமோ என்று தெரியாமல் எடுத்த அட்டை அது. மனசு லேசாக இருந்தது.

அன்றைக்கு வாசலில், நான் மூக்கைச் சிந்தி முடிக்கும்வரை ஞானம்மா கீரையை ஆய்ந்து முடித்தார். பன்னிரண்டு வருஷம் என் மேசையைத் துடைத்தவர். துரையின் கோப்பியைத் தாள்கட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, மடித்த மூலைக்குத் துரையின் விரல் போவதைத் தினந்தோறும் பார்த்தவர். அது என் மரமண்டைக்கு அந்த நிமிஷம்வரை உறைக்கவில்லை. அட்டையை உறையோடு முந்தானையில் இறுக்கி முடிந்துகொண்டு, அவர் சொன்னார்:

"மூலைய மடிச்சது நீங்கன்னு எடுக்கும்போதே தெரியும் ஐயா, மடிக்கச் சொன்னது யாருன்னு ஒங்களுக்குத்தான் தெரியல."